டிஎன்ஏவில் அமரும் புரதத்தை ஒளிரவைத்துப் பார்ப்பது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இருட்டறையில் கணினித் திரையின் முன் உட்கார்ந்திருக்கிறீர்கள். கறுப்புப் பின்னணியில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றுகிறது. டிஎன்ஏ இழை கிடக்கும் கோட்டின் மேலேயே முன்னும் பின்னும் ஊர்கிறது. 6 விநாடியில் மறைந்துவிடுகிறது. நீங்கள் பார்த்தது ஒரே ஒரு புரத மூலக்கூறு. அது மறைந்தபோது என்ன நடந்தது? புரதம் டிஎன்ஏவை விட்டுக் கிளம்பியதா, அதில் ஒட்டியிருந்த சாயம் லேசர் பட்டு அணைந்துபோனதா? திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களிடம் முதல் நாளே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவேன். இதை மனதில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லும் படிகளில் பாதி எதற்காக என்பது தானே புரியும்.

எடுத்துக்காட்டாக லாக் ரெப்ரசரை எடுத்துக்கொள்வோம். பள்ளியில் லாக் ஓபரான் படித்தபோது பார்த்த அதே அடக்கிப் புரதம்தான். 1970-ல் ரிக்ஸ், பூர்ஜுவா, கோன் ஆகிய மூவரும் இது தன் இலக்கான ஆபரேட்டர் வரிசையைக் கண்டுபிடிக்கும் வேகத்தை அளந்தார்கள். கரைசலில் தற்செயலாக மோதித்தான் இலக்கை அடைகிறது என்று கணக்கிட்டால் வரும் வேகத்தைவிட அது பல பத்து மடங்கு அதிகமாக இருந்தது. புரதம் முதலில் டிஎன்ஏவில் எங்காவது அமர்ந்து, பிறகு இழையோடு வழுக்கிச் சென்று தேடுகிறது என்று 1981-ல் பெர்க், வின்டர், ஃபான் ஹிப்பெல் விளக்கம் தந்தார்கள். கண்ணால் பார்க்க மேலும் 25 ஆண்டுகள் ஆயின. 2006-ல் வாங், ஆஸ்டின், காக்ஸ் நீட்டிவைத்த டிஎன்ஏ மீது ஒற்றை மூலக்கூறுகள் நகர்வதைப் படம்பிடித்தார்கள். மறு ஆண்டு எல்ஃப், லி, ஷீ மூவரும் உயிருள்ள பாக்டீரியாவுக்குள்ளேயே லாக் ரெப்ரசர் இலக்கைத் தேடுவதைப் பின்தொடர்ந்தார்கள். அந்த ஊர்தலைத்தான் நாமும் பார்க்கப்போகிறோம்.

படி 1: எந்த நுண்ணோக்கி?

சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியில் ஒளி சாம்பிளின் முழு ஆழத்திலும் பாய்கிறது. கரைசலில் மிதக்கும் எல்லாப் புரதங்களும் ஒளிர்வதால், டிஎன்ஏவில் அமர்ந்திருக்கும் ஒன்றிரண்டு அந்தப் பனிமூட்டத்தில் காணாமல் போய்விடும். அதனால் இந்த வேலைக்கு டிர்ஃப் எனப்படும் முழு அக எதிரொளிப்பு நுண்ணோக்கிதான் பொருத்தம். கண்ணாடியிலிருந்து நீருக்குப் போகும் ஒளி சுமார் 61 டிகிரியைத் தாண்டிச் சாய்ந்தால் முழுவதும் திரும்பிவிடும். எல்லையைத் தாண்டி 100 முதல் 200 நானோமீட்டர் வரை மட்டும் ஒரு மெல்லிய ஒளிப்புலம் கசியும். அந்த மெல்லிய ஏட்டுக்குள் இருப்பது மட்டுமே ஒளிரும். இதற்கு 60 அல்லது 100 மடங்கு பெரிதாக்கும், என்ஏ (எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியைக் கையாளும் என்பதைச் சொல்லும் எண்) 1.49 உள்ள எண்ணெய் லென்ஸ் வேண்டும். கவர் ஸ்லிப் 1.5 எண் உடையதாக, அதாவது 0.17 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கட்டும்.

கேமராவின் கணக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். 16 மைக்ரோமீட்டர் பிக்சல் உள்ள, மிக மங்கலான ஒளியையும் பதியும் இஎம்சிசிடி கேமராவை 100 மடங்கு லென்ஸோடு வைத்தால் ஒரு பிக்சல் 160 நானோமீட்டருக்குச் சமம். நாம் பயன்படுத்தப்போகும் லாம்டா ஃபேஜ் என்ற பாக்டீரியா வைரஸின் டிஎன்ஏவில் 48,502 கார இணைகள், அதாவது எழுத்து இணைகள், உண்டு, முழு நீளம் 16.5 மைக்ரோமீட்டர். அதில் 80 சதவீதம் நீட்டினால் 13.2 மைக்ரோமீட்டர், சுமார் 82 பிக்சல். அப்படியென்றால் ஒரு பிக்சலுக்குள் கிட்டத்தட்ட 590 கார இணைகள் அடங்குகின்றன. புள்ளியின் மையத்தைக் கணித்து 27 நானோமீட்டர் துல்லியம் பெற்றாலும் அது 100 கார இணைக்குச் சமம். ஆகவே புரதம் எந்த எழுத்தில் நிற்கிறது என்று இந்த முறையால் சொல்ல முடியாது, எந்தப் பகுதியில் நிற்கிறது என்று சொல்லலாம். இது தெரியாமல் கேள்வியை அமைத்துக்கொண்டு ஒரு வருடத்தை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: புரதத்துக்குச் சாயம் பூசுதல்

மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஜிஎஃப்பி போன்ற ஒளிரும் புரதத்தை மரபணு அளவிலேயே ஒட்டவைக்கலாம். 238 அமினோ அமிலங்கள் கொண்ட இது செல்லுக்குள் பார்க்க வசதி, ஆனால் ஒற்றை மூலக்கூறு வேலையில் சீக்கிரம் அணைந்துவிடும். ஹேலோடேக் என்ற புரதத்தை ஒட்டவைத்து அதற்குரிய வேதிச் சாயத்தைச் சேர்ப்பது இரண்டாவது வழி. ஜேஎஃப்549 போன்ற சாயங்கள் ஜிஎஃப்பியைவிட நெடுநேரம் தாங்கும். மூன்றாவது, சிஸ்டீன் அமினோ அமிலத்தில் மெலிமைடு என்ற வேதித்தொகுதி வழியாகச் சாயத்தைப் பிணைப்பது. லாக் ரெப்ரசரின் ஒவ்வொரு துணை அலகிலும் இயல்பாகவே 3 சிஸ்டீன்கள் உண்டு, அதுவும் நான்கு அலகுகள் சேர்ந்த புரதம். எந்த சிஸ்டீனில் சாயம் ஏறுகிறது என்பதைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஒரே குழாயில் பல விதமான புரதங்கள் இருக்கும். பயிற்சிக்கு நான் ஹேலோடேக்கைத்தான் பரிந்துரைப்பேன்.

சாயம் ஏற்றிய பிறகு இரண்டு விஷயங்களை எழுதிவைக்காமல் நுண்ணோக்கி அறைக்குள் போகாதீர்கள். முதலாவது, நூற்றுக்கு எத்தனை புரதங்களில் சாயம் ஏறியது என்பது. 60 ஏறியிருந்தால் மற்ற 40 திரையில் தெரியாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இரண்டாவது, சாயம் ஏறிய புரதம் இன்னும் வேலை செய்கிறதா என்பது. சாயம் உள்ளதையும் இல்லாததையும் ஜெல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, இரண்டும் ஆபரேட்டர் டிஎன்ஏவை ஒரே பலத்தோடு பிடிக்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டாமல் மிதக்கும் சாயத்தை ஜெல் வடிகட்டல் பத்தியில் கட்டாயம் பிரித்தெடுங்கள். அந்தச் சாயத்துக்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள மிகவும் பிடிக்கும்.

படி 3: கண்ணாடியைத் தயார் செய்தல்

பொறுமை அதிகம் கேட்கும் படி இது. முதன்முதலில் நான் இதைச் செய்தபோது திரை முழுக்க நட்சத்திரங்கள்போலப் புள்ளிகள். புரதம் இவ்வளவு நன்றாக டிஎன்ஏவைப் பிடிக்கிறதே என்று மகிழ்ந்தேன். டிஎன்ஏ கட்டாத ஒரு கண்ணாடி ஓடையில் அதே புரதத்தை விட்டுப் பார்க்கும்படி மூத்த மாணவி ஒருவர் சொன்னார். அங்கும் அதே நட்சத்திரங்கள். எல்லாமே கண்ணாடியில் ஒட்டிய புரதம். மூன்று வாரப் படங்களையும் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து டிஎன்ஏ கட்டாத ஓடை ஒன்று இல்லாமல் நான் எந்தச் சோதனையையும் தொடங்குவதில்லை.

கவர் ஸ்லிப்புகளை அசிட்டோனிலும் பிறகு 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலிலும் அல்ட்ராசவுண்டு தொட்டியில் கழுவுங்கள். ஒவ்வொரு முறையும் நன்றாக நீரில் அலசுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தே இந்தக் காரத்தைத் தொட வேண்டும். அடுத்து அமினோசிலேன் பூச வேண்டும். அதன்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக், பூச வேண்டும். பெக் கலவையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மூலக்கூறுகளின் நுனியில் மட்டும் பயோட்டின் இருக்கட்டும். புல்தரைபோல அடர்ந்து நிற்கும் பெக் புரதத்தைக் கண்ணாடியிடம் நெருங்க விடாது, அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் பயோட்டின் டிஎன்ஏவைக் கட்டும் முளையாகிறது. பெக் கரைசலை பிஎச் 8.5 உள்ள பைகார்பனேட்டில் கலந்தவுடனே பூசிவிடுங்கள். அதன் வினைபுரியும் நுனி நீரில் வேகமாகச் சிதைந்துவிடும், கலந்துவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால் பூச்சு சரியாக அமையாது. பூசிய கண்ணாடிகளை நைட்ரஜன் நிரப்பிய குழாயில் மைனஸ் 20 டிகிரியில் வைத்துக்கொள்ளலாம்.

துளையிட்ட ஸ்லைடுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே இருபக்கமும் ஒட்டும் டேப்பை வைத்தால் சுமார் 0.1 மில்லிமீட்டர் உயரத்தில் ஓர் ஓடை கிடைக்கும். துளைகளில் மெல்லிய குழாய் செருகி, ஓரங்களை எப்பாக்சியால் அடைத்து, சிரிஞ்சு பம்போடு இணையுங்கள். பஃபர்களிலிருந்து காற்றை முன்கூட்டியே வெற்றிடத்தில் வெளியேற்றுங்கள். ஓடைக்குள் ஒரே ஒரு காற்றுக் குமிழி நுழைந்தால் போதும், கட்டிவைத்த டிஎன்ஏ எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு போய்விடும்.

படி 4: டிஎன்ஏவைக் கட்டுதல்

லாம்டா டிஎன்ஏவின் இரு முனைகளிலும் 12 எழுத்து நீளத்துக்கு ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு இணையான, 5' முனையில் பாஸ்பேட்டும் 3' முனையில் பயோட்டினும் உள்ள சிறு இழைகளை வாங்கி, 65 டிகிரியில் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டு, டி4 லிகேஸ் நொதியால் இணைத்துவிடலாம். மீந்த சிறு இழைகளை வடிகட்டி நீக்குங்கள். நீக்காவிட்டால் அவையே கண்ணாடியில் உள்ள இடங்களையெல்லாம் முதலில் பிடித்துக்கொள்ளும். இவ்வளவு நீளமான டிஎன்ஏ சாதாரண பிப்பெட் நுனியில் வேகமாக உறிஞ்சினாலே அறுந்துவிடும். நுனியை 2 அல்லது 3 மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மெதுவாக உறிஞ்சுங்கள், குழாயை வோர்டெக்ஸ் என்ற குலுக்கும் கருவியில் வைக்கவே வேண்டாம்.

ஓடைக்குள் முதலில் பயோட்டினை இறுகப் பிடிக்கும் ஸ்ட்ரெப்டாவிடின் புரதம், 5 நிமிடம் கழித்துக் கழுவல், பிறகு சில பத்து பிக்கோமோலார் செறிவில் டிஎன்ஏ. ஓட்டத்தோடு வரும் இழையின் ஒரு முனை முளையில் மாட்டும். ஓட்டம் அதை நீட்ட, மறு முனை சற்றுத் தள்ளி இன்னொரு முளையில் மாட்டும். இரு முனையும் மாட்டிய இழைதான் நமக்கு வேண்டும். ஒரு முனை மட்டும் கட்டிய இழையை நீட்டி வைக்க ஓட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த ஓட்டம் இழைமேல் ஊரும் புரதத்தையும் ஒரு பக்கமாகத் தள்ளும். ஊர்தலை அளக்க வந்த நமக்கு அது நேரடியான பிழை. நூற்றுக்கணக்கான இழைகளை ஒரே நேரத்தில் வரிசையாகப் பார்க்க விரும்புபவர்கள், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எரிக் கிரீனின் குழு வளர்த்தெடுத்த டிஎன்ஏ திரை முறையைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம். அதில் கொழுப்புப் படலத்தின் மேல் மிதக்கும் டிஎன்ஏக்கள் உலோகத் தடுப்புகளில் அணிவகுத்து நிற்கும்.

படி 5: புரதமே இல்லாமல் ஒரு நாள்

டிஎன்ஏவை மட்டும் பாருங்கள். யோயோ-1 என்ற சாயத்தைச் சேர்த்து 488 நானோமீட்டர் லேசரைத் திறந்தால் இழைகள் பச்சையாக மின்னும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் இந்தச் சாயம் கார இணைகளின் நடுவே நுழைந்து இழையின் நீளத்தையும் முறுக்கையும் மாற்றிவிடுகிறது. லேசர் வெளிச்சத்தில் இழையை அறுத்தும்விடுகிறது. இரு முனை கட்டிய இழை படாரென்று இரண்டாகச் சுருண்டுகொள்வதைக் கண்டால் காரணம் இதுதான். எனவே புரதத்தைப் படம்பிடிக்கும்போது டிஎன்ஏவுக்குச் சாயம் போடாதீர்கள். புரதத்தின் படத்தை முதலில் முழுதாக எடுத்துவிட்டு, கடைசியில் சைடாக்ஸ் ஆரஞ்சு என்ற டிஎன்ஏ சாயத்தைச் சேர்த்து இழைகள் எங்கே கிடந்தன என்று ஒரு படம் எடுத்து மேலே பொருத்திக்கொள்ளுங்கள். ஜேஎஃப்549 சாயத்தோடு இதன் நிறம் கலந்துவிடும் என்பதும் இந்த வரிசைக்கு ஒரு காரணம்.

படி 6: புரதத்தை விடுதல்

1 நானோமோலாருக்கும் கீழே தொடங்குங்கள். சில பத்து நானோமோலாரைத் தாண்டினால் டிர்ஃபிலும் பின்னணி வெளுத்துவிடும். தொடக்கத்துக்கு 20 மில்லிமோலார் டிரிஸ், பிஎச் 7.5, 50 மில்லிமோலார் உப்பு, சிறிது மக்னீசியம், சிறிது பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) போதும். உப்பின் அளவு இங்கே பெரிய சங்கதி. டிஎன்ஏவின் எந்த வரிசையையும் பாராமல் புரதம் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் மின்னூட்டக் கவர்ச்சியால். உப்பைக் கூட்டினால் அந்தப் பிடி மளமளவென்று தளரும். 50, 100, 150 மில்லிமோலார் என மூன்று அளவுகளிலாவது அளந்து பாருங்கள். புரதம் இழையை விடாமல் வழுக்குகிறது என்றால் உப்பு மாறினாலும் ஊரும் வேகம் பெரிதாக மாறாது. குதித்துக் குதித்துப் போகிறது என்றால் உப்போடு வேகமும் கூடும்.

லாக் ரெப்ரசரில் நமக்கு ஓர் அருமையான வசதி உண்டு. இயல்பான லாம்டா டிஎன்ஏவில் லாக் ஆபரேட்டர் கிடையாது, அதை நாம்தான் செருக வேண்டும். செருகிய இழையில் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பதும், செருகாத இழையில் ஊர்வது மட்டும் தெரிவதும் சரியான ஒப்பீடு. அதோடு, ரெப்ரசரின் பிடியைத் தளர்த்தும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளை 1 மில்லிமோலார் விட்டால் ஆபரேட்டரில் நிற்பவை கழன்றுகொள்ள வேண்டும். கழலாத புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 7: போனதா, அணைந்ததா?

தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டோம். சாயம் அணைவதற்குப் பெரும்பாலும் ஆக்சிஜன்தான் காரணம், அதனால் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் நொதிகளை குளுக்கோஸோடு சேர்த்து ஆக்சிஜனை நீக்குகிறோம். கண்சிமிட்டலைக் குறைக்க டிரோலாக்ஸ் சேர்க்கிறோம். இந்த நொதிக் கலவை குளுக்கோனிக் அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், நேரம் ஆக ஆக பிஎச் இறங்கும். அரை மணிக்கு ஒருமுறை புதுக் கலவை விடுவது என் வழக்கம்.

இவ்வளவு செய்தாலும் சாயம் ஒருநாள் அணையத்தான் செய்யும். எனவே அணையும் வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும். அதே சாயம் பூசிய ஹேலோடேக்கைக் கண்ணாடியோடு கழலாதபடி கட்டி, அதே பஃபரில், அதே லேசர் வலுவில், அதே எக்ஸ்போஷரில் படம்பிடியுங்கள். அது சராசரியாக 10 விநாடி தாங்குகிறது, டிஎன்ஏ மேல் புள்ளிகள் சராசரியாக 6 விநாடி தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். மறையும் வீதங்கள் ஒன்றோடொன்று கூடுபவை. ஆறில் ஒரு பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் பதினைந்தில் ஒரு பங்கு. புரதம் உண்மையில் 15 விநாடி அமர்ந்திருக்கிறது.

இந்தக் கழித்தலை நம்பி மிதப்பாக இருந்துவிடக் கூடாது. புள்ளிகள் 9.5 விநாடி தெரிந்தால் விடை 190 விநாடி. 9 விநாடி தெரிந்தால் 90 விநாடி. அரை விநாடி அளவுப் பிழை விடையை இரண்டு மடங்கு மாற்றிவிடுகிறது. இரண்டு நேரங்களும் இப்படி நெருங்கி வந்தால் நீங்கள் அளப்பது புரதத்தை இல்லை, சாயத்தை. அப்போது லேசரை இடைவிட்டுத் திறங்கள். 50 மில்லிவிநாடி ஒளி, மீதி நேரம் இருட்டு, விநாடிக்கு ஒரு படம். பிறகு 2 விநாடிக்கு ஒரு படம், 5 விநாடிக்கு ஒரு படம். இடைவெளியை மாற்றினாலும் புள்ளி அதே எண்ணிக்கைப் படங்கள்வரை தாங்கினால் சாயம்தான் அணைகிறது. எத்தனை படம் எடுத்தாலும் அதே விநாடிகளில் மறைந்தால் புரதம்தான் போகிறது. பெரும்பாலும் இரண்டும் கலந்து வரும். அப்போது இடைவெளியைக் கிடையச்சிலும் மறையும் வீதத்தைச் செங்குத்தச்சிலும் குறித்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

படி 8: கணக்கெடுத்தல்

இலவச மென்பொருளான ஃபிஜியில் டிஎன்ஏவின் நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து, கிடையாக நேரத்தையும் செங்குத்தாக இடத்தையும் வைத்துக் கைமோகிராஃப் எடுங்கள். நிற்பவை நேர்க்கோடாகவும் ஊர்பவை நெளிகோடாகவும் தெரியும். கோட்டுக்கு வெளியே, டிஎன்ஏ இல்லாத இடத்திலும் அதே நீளத்துக்கு ஒரு கைமோகிராஃப் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். அதில் எத்தனை புள்ளி விழுகிறதோ அதுதான் உங்கள் பிழையின் அளவு.

ஒரு பரிமாணத்தில் இடப்பெயர்ச்சியின் வர்க்கச் சராசரி, விரவல் கெழுவையும் (புரதம் எவ்வளவு வேகமாக அலைகிறது என்பதைச் சொல்லும் எண்) நேரத்தையும் பெருக்கியதன் இரு மடங்கு. எல்ஃப் குழு லாக் ரெப்ரசருக்குச் சொன்ன கெழு விநாடிக்கு 0.046 சதுர மைக்ரோமீட்டர். 20 மில்லிவிநாடிப் படம் ஒன்றுக்கு அது சுமார் 43 நானோமீட்டர் நகர்வு, கால் பிக்சலைவிடச் சற்று அதிகம். இழையும் சும்மா கிடப்பதில்லை, வெப்பத்தால் அதுவும் ஆடும். ஆபரேட்டரில் நிலையாக நிற்கும் புள்ளி எவ்வளவு ஆடுகிறது என்று அளந்து, அதை ஊர்பவற்றின் கணக்கிலிருந்து கழியுங்கள். நன்றாகத் தெரிந்த இழைகளை மட்டும் பொறுக்கியெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்ற விதியைப் படங்களைத் திறப்பதற்கு முன்பே நோட்டில் எழுதி, தேதியும் போட்டுவிடுங்கள்.

படி 9: செல்லுக்குள் போக விரும்பினால்

கண்ணாடி ஓடையில் கை பழகிய பிறகு செல்லுக்குள் போகலாம். பலரும் முதலில் செய்வது ஃபார்மால்டிஹைடு விட்டுச் செல்லை நிலைநிறுத்தி, எதிர்ப்புரதத்தால் சாயமேற்றி, டேப்பியால் உட்கருவை நீலமாக்கிப் பார்ப்பது. படம் அழகாக வரும். ஆனால் சில விநாடிகள் மட்டுமே டிஎன்ஏவில் அமரும் புரதங்களை ஃபார்மால்டிஹைடு அப்படியே பிடித்து வைப்பதில்லை. செல் பிரியும்போது சாக்ஸ்2 போன்ற படியெடுத்தல் காரணிகள் குரோமோசோமை விட்டு வெளியேறிவிடுகின்றன என்று இத்தகைய படங்களை வைத்து நெடுங்காலம் நம்பினார்கள். 2016-ல் ஹேலோடேக் ஒட்டிய சாக்ஸ்2-வை உயிருள்ள செல்லில் பார்த்தபோது அது குரோமோசோமிலேயே குவிந்திருந்தது. அதே செல்லில் ஃபார்மால்டிஹைடு விட்டதும் வெளியே போவதுபோல் தெரிந்தது. ஆகவே நிலைநிறுத்திய செல்லில் கண்டதை உயிருள்ள செல்லில் ஒருமுறையேனும் சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

உயிருள்ள செல்லில் ஆக்சிஜனை நீக்க முடியாது, அதனால் சாயம் இன்னும் வேகமாக அணையும், புள்ளி உட்கருவின் ஆழத்தில் நழுவி ஃபோகஸை விட்டும் போகும். இங்கே ஒப்பீட்டுக்குக் கைகொடுப்பது எச்2பி ஹிஸ்டோன், டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்று. அது குரோமாட்டினோடு மணிக்கணக்கில் பிணைந்திருப்பதால், எச்2பி புள்ளிகள் மறைவதெல்லாம் சாயம் அணைந்ததாலோ ஃபோகஸ் தவறியதாலோதான். உங்கள் புரதத்தோடு எச்2பி-யையும் அதே நாளில், அதே செல்வகையில், அதே லேசர் வலுவில் படம்பிடியுங்கள். போன மாதம் எடுத்த எச்2பி அளவை வைத்து இன்றைய படங்களைத் திருத்த வேண்டாம்.